மில்லடியில் ஒரு பங்கு

1

மில்தான் மூடியாயிற்றே, இன்னும் அங்கே எதைக் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. தம்பி கேட்கிறான், மைத்துனர் கேட்கிறார், நான் தூத்துக்குடியில் கப்பலேறுகிறபோது வழியனுப்பக்கூட வராத சித்தப்பா மகனும் கேட்கிறான். ஆளுக்கொரு பதில் சொல்லி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் அதே கேள்வியைக் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

நான் இருக்கிற இடத்துக்கு மில்லடி என்று பெயர். மட்டக்களப்புப் பட்டணத்துக்கு வடக்கே, தன்னாமுனை தாண்டி ஏறாவூருக்குப் போகிற வழியில், வாவிக்கரையோரம். முன்பு வெறும் தென்னந்தோப்பாம். ஒரு கம்பெனி வந்து தேங்காயெண்ணெய் மில் போட்டது. மில்லைச் சுற்றி வீடு வந்தது, வீட்டைச் சுற்றிக் கடை வந்தது, சங்கு ஊதினால் எழும்புகிற ஜனம் வந்தது. நம் மலையடிவாரத்துப் பஞ்சாலையில் பாய்லருக்குக் கரி அள்ளிப்போட்டுக்கொண்டிருந்த என்னை, இங்கே இஞ்சின் ஓட்ட ஆள் வேண்டும் என்று கூட்டி வந்தார்கள். அப்போது இந்தப் பக்கம் ரயில் கிடையாது. கொழும்பிலிருந்து கரையோரக் கப்பலில் வந்து இறங்கினோம். என் மனைவி ஆவுடையம்மாள் வழியெல்லாம் வாந்தி. மகன் சங்கரனுக்கு அப்போது நாலு வயது. அவன் மட்டும் கப்பலை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதான்.

பிறகு கொப்பரை விலை விழுந்தது, மில் மூடியது. மில்லை நடத்திய துரை போனார். இயந்திரங்களைக் கொழும்புக்காரர்கள் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். பாய்லர் மட்டும் அசையவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது அதற்குள் பக்கத்து வீட்டுக் கண்மணியக்காவின் ஆடுகள் படுக்கின்றன. பாய்லரையும் என் புருஷனையும் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஆவுடை சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

கொப்பரை எடை போட்ட கொட்டகையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஓட்டை அடைப்பது, வாடகைக்கு விடுவது, சங்கிலி மாற்றுவது. இஞ்சின் போய் இத்தனை வருஷமாகியும் ஊருக்கு நான் இஞ்சின்காரர்தான். புகைபோக்கி மட்டும் நிற்கிறது. புகை இல்லை. வாவியில் மீன் பிடிக்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கரை எந்தப் பக்கம் என்று கண்டுகொள்கிறார்கள். ஆகவே அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

வாவிக்கு அக்கரையில் இருப்பது படுவான்கரை. சூரியன் படுகிற பக்கம். நாங்கள் இருப்பது எழுவான்கரை. வவுணதீவில் தோணி இறங்கி மேற்கே நடந்தால் கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். வட்டை என்பார்கள். நமக்குப் பள்ளத்தாக்கு என்றால் இரண்டு பக்கமும் மலை வேண்டும், நடுவில் ஆறு ஓட வேண்டும். இங்கே மலை இல்லை, ஆனால் தாழ்ந்து கிடக்கிற நிலம், காட்டிலிருந்து வருகிற தண்ணீர், காலையில் மூடுகிற பனி எல்லாம் உண்டு. மலையில்லாத பள்ளத்தாக்கு என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் இப்போது என் மகன் உழுகிறான். பாய்லர்காரன் மகன் எப்படி உழவன் ஆனான் என்றுதானே கேட்பீர்கள்? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2

வந்து இறங்கிய வாரமே கேட்டார்கள், நீங்கள் என்ன குடி என்று. நான் சாதியைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் கேட்டார்கள், “அது சரி அண்ணன், குடி என்ன குடி?”

குடி என்பது இங்கே தாய் வழி. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. தகப்பன் குடி தகப்பனோடு போயிற்று. ஒரே குடிக்காரர்கள் அண்ணன் தங்கை மாதிரி, கல்யாணம் கிடையாது. நம் பக்கத்திலும் சில ஜனங்களுக்குக் கிளை என்று இந்த மாதிரி ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். நம் வீட்டில் கிடையாது. இல்லை என்றேன். “குடி இல்லாம ஆரும் இரிப்பாங்களா?” என்று ஒரு கிழவர் நிஜமாகவே கவலைப்பட்டார்.

மற்ற நாளில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் அம்மன் கோயில் வருஷத்துக்கு ஒரு தரம், வைகாசியில்தான் கதவு திறக்கும். சடங்கு முடிந்ததும் பொங்கலும் பழமும் பங்கு வைப்பார்கள். குடி குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட குடி உள்ளே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். குடி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. கடைசியில், வேலிக்கு வெளியே கொண்டு வந்து தருவார்கள். ஒரு வருஷம்கூடத் தராமல் விட்டதில்லை. முகம் சுளித்து ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. யாராவது சொல்லியிருந்தால் நான் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன். அதற்கும் வழியில்லை.

முதல் வருஷத்தோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் வருகிற பொங்கல் எனக்கு வேண்டாம் என்று கோயிலுக்குப் போவதையே விட்டேன். பக்கத்துத் தோப்பில் நின்றுகொண்டு பீடி குடிப்பேன். ஆவுடை விடவில்லை. ஒவ்வொரு வைகாசியிலும் தலை முழுகி, ஈரத் தலையோடு வேலியோரம் போய் நிற்பாள். ஒவ்வொரு குடியாக உள்ளே போய் வருகிற வரைக்கும் நிற்பாள். வாங்கிய பங்கை அங்கே சாப்பிடமாட்டாள். முந்தானையில் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள்.

சங்கரனுக்கு இதெல்லாம் உறைத்த மாதிரியே தெரியவில்லை. ஊர்ப் பிள்ளைகளோடு கோயில் மணலில் உருண்டு வளர்ந்தான். பேச்சும் மாறிப்போனது. ‘ஆமா’ என்பது போய் ‘ஓம்’ வந்தது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது “போயித்து வாறன்” என்றான். போய்விட்டு வருகிறேன் என்பது இங்கே அப்படி. ஆவுடை சிரித்தாள், நான் காதைத் திருகினேன். எத்தனை தரம் திருகியும் நாக்கு திரும்பவில்லை.

3

கண்மணியக்கா எங்கள் பக்கத்து வளவு. புருஷன் வருஷத்தில் பாதி நாள் படுவான்கரையில் வயலோடு கிடப்பவர். வீட்டில் அவளும் மகள் ஞானமும்தான். பெரிய குரல், பெரிய மனசு. பெண்களைக் கூப்பிட இங்கே ‘கா’ போடுவார்கள். வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “என்ன கா ஆவுடை, இன்னும் அடுப்பு மூட்டல்லையா?” என்று கேட்டால் வாவிக்கு அக்கரையில் இருப்பவர்களும் அடுப்பை மூட்டுவார்கள். அவளுடைய அண்ணன்தான் கோயில் வண்ணக்கர், அதாவது கோயிலை நிர்வாகம் பண்ணுகிறவர். வண்ணக்கர் என்றால் நிதானம். ஒரு கேள்வி கேட்டால் மேல்துண்டை எடுத்து உதறி, மடித்து, திரும்பத் தோளில் போட்ட பிறகுதான் பதில் வரும்.

ஒரு மாரி காலத்தில் மில்லடி முழுக்கக் காய்ச்சல். கண்மணியக்கா வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். வாவி பெருகித் தோணி ஓடவில்லை, புருஷன் அக்கரையில் மாட்டிக்கொண்டார். ஆவுடைதான் கஞ்சி வைத்தாள், துணி துவைத்தாள், ஞானத்தின் தலையை மடியில் வைத்து மருந்து ஊட்டினாள். அடுத்த வளவு, அதற்கடுத்த வளவு என்று அவள் கஞ்சிப் பானை போகாத வீடு இல்லை. எனக்குச் சோறு கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

மழை விட்டு, ஆட்கள் எழும்பி நடமாடத் தொடங்கியதும் ஒரு காலையில் வண்ணக்கர் வெற்றிலைத் தட்டோடு வந்தார். கூடக் கண்மணியக்கா, வாயெல்லாம் பல். அவர் துண்டை உதறி, மடித்து, தோளில் போட்டார்.

“அண்ணன், ஒரு விசயம் கதைக்க வந்த நான். உங்கட பொஞ்சாதிய எங்கட குடியில சேர்க்கிறதெண்டு நாங்க எல்லாரும் கூடிப் பேசி முடிச்சிரிக்கம். வாற வைகாசியில அவ உள்ள வந்து பங்கு எடுக்கலாம். அவட பிள்ளைக்கும் அதுதான் குடி.”

“இனி நீ என்ட கூடப்பிறந்த தங்கச்சி கா!” என்று கண்மணியக்கா ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடை வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு அடுக்களைக்குள் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து இன்னொரு தரம் கழுவினாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நம் ஊரில் சங்கரன் பிறந்தபோதுகூட இல்லை.

4

சித்திரை முடிகிற சமயம், காத்தான்குடி மீராலெவ்வைக் காக்கா துணி மூட்டையோடு வந்தார். அண்ணனை இங்கே முஸ்லிம்கள் காக்கா என்பார்கள். மாசத்துக்கு ஒரு தரம் வருகிறவர். சைக்கிளை என் கடையில் நிறுத்திவிட்டு எங்கள் முற்றத்தில் பாய் விரித்துச் சேலைகளைப் பரத்துவார். ஆவுடை எப்போதும் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அன்றைக்கு உட்கார்ந்து, மூட்டையையே கலைத்து, நல்ல அரக்குக் கரை போட்ட ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன தங்கச்சி விசேசம்? இண்டைக்கு மழை வரப்போகுது” என்றார் காக்கா.

ஆவுடை வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். கண்மணியக்கா குடியில் சேர்க்கிறார்கள், வைகாசியில் உள்ளே போகும்போது உடுத்த.

“அல்ஹம்துலில்லாஹ், நல்ல விசயம்!” காக்காவுக்கு உண்மையாகவே சந்தோஷம். “எங்களுக்கும் குடி இரிக்கு தங்கச்சி. எங்கட பள்ளிவாசலிலயும் குடி பாத்துத்தான் நிர்வாகம் பண்ற மரைக்கார் வாறது. இனி உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. கண்மணி உங்கட கூடப்பிறந்த ராத்தா. அவட மகளும் உங்கட மகனும் இனி அண்ணன் தங்கச்சி. ரெண்டு பேருக்கும் நானே உடுப்புக் கொண்டு வாறன்.”

சங்கரன் அப்போது கொட்டகை வாசலில் காக்காவின் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். அடித்தான், அடித்தான், நிறுத்தவே இல்லை. டயர் கல்லாகிவிட்டது, இன்னும் அடித்தான். டமார் என்று டியூப் வெடித்தது. பாய்லருக்குள் கிடந்த ஆடுகள் அத்தனையும் வெளியே பாய்ந்தன.

“மடையா, கண்ணை எங்கே வைத்திருக்கிறாய்!” என்று நான் குதித்தேன். ஒட்டுப் போட்ட டியூப்பை இப்படியா அடிப்பது, இத்தனை வருஷம் என்கூட இருந்து என்ன தொழில் கற்றாய் என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவன் பம்பைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

ஆவுடை அவனைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த சேலையைப் பார்த்தாள். காக்கா, “வேற காட்டட்டா?” என்றார். “இதே இருக்கட்டும்” என்று சொல்லி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

5

மறுநாள் காலையில் அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சாதாரணமாக உட்காரமாட்டாள்.

“உங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்லியா?”

“டியூப் வெடிச்சது தெரிஞ்சுது. வேற என்ன தெரியணும்?”

“அவன் ஞானத்தை நெனச்சுக்கிட்டு இருக்கான். அவளும் அப்படித்தான். இன்னிக்கு நேத்து இல்ல. காலம்பற கெணத்தடியில வச்சுக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஊரில் என் தங்கை மகள் செண்பகம் இருக்கிறாள், முறைப் பெண், அவளைத்தான் இவனுக்கு என்று நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். சங்கரனைக் கூப்பிட்டேன்.

“ஊருக்குப் போவோம். அத்தை மக இருக்கா ஒனக்கு” என்றேன்.

“ஊரெண்டா எந்த ஊர் அப்பா?”

“நம்ம ஊர்டா!”

“எனக்கு அங்க ஆரையும் தெரியாதே. அத்தைட முகம்கூட எனக்கு ஞாபகமில்ல.”

எதிர்த்துப் பேசியிருந்தால் அறைந்திருப்பேன். அவன் எதிர்க்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரிக் கேட்டுவிட்டு நின்றான். ஊரை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மலையைச் சொன்னேன், ஆற்றைச் சொன்னேன், ஆலைச் சங்கைச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். எனக்கே அது யாரோ சொன்ன கதை மாதிரி இருந்தது. போ என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு நான் பட்ட வேதனையை இங்கே எழுதி உங்களுக்கு என்ன ஆகப்போகிறது.

பிறகு ஆவுடையிடம் சொன்னேன்: “நீ குடியை வாங்கிக்கோ. அவன் ரெண்டு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவான், பொறவு சரியாயிருவான்.”

“சரியாவானா?”

“ஆகாட்டி என்ன இப்போ? எத்தனை வைகாசி நீ வேலியோரம் நின்னே, நான் பாத்தேன்லா.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “பாத்தீயளா? நீங்க தோப்புல நின்னு பீடி குடிச்சுக்கிட்டு இருந்தீயளே.”

“தோப்புல நின்னா கண்ணு அவிஞ்சா போகும்?”

வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். எப்படிக் கொடுக்கிறது, கண்மணியக்கா முகத்தில் எப்படி முழிக்கிறது என்றாள். ஆசையோடு தங்கை என்று கையைப் பிடித்தவளிடம், உன் உறவு வேண்டாம் என்றா சொல்வது? வாங்கினால் மகன் போச்சு. வாங்காவிட்டால் கண்மணி போச்சு. இப்படி ஒரு மூலையில் போய் மாட்டிக்கொள்ள எங்களைத் தவிர வேறு யாரால் முடியும். காலமெல்லாம் ஏங்கியது கைக்கு வந்தது, அதைத் தொட முடியவில்லை.

“நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் கடைசியில். அதற்குப் பிறகு கோயில் கதவு திறக்கிற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

6

கதவு திறந்தது. உடுக்கும் குரவையும் கேட்டது. நான் வழக்கம்போலத் தோப்பில். ஆவுடை அரக்குக் கரைச் சேலையில் வேலியோரம் நின்றாள். பங்கு வைக்கிற நேரம் வண்ணக்கர் முன்னால் வந்து துண்டைச் சரிபண்ணிக்கொண்டு அழைத்தார்.

“ஆவுடை, உள்ள வா புள்ள.”

அவள் நகரவில்லை. நான் பீடியைப் போட்டுவிட்டுக் கிட்டே போனேன்.

“ஒரு வார்த்தை சொல்லலாமாங்க?” என்றாள். ஆண்களுக்கு நடுவில் அவள் குரல் அப்படிக் கேட்டதே இல்லை. “எனக்குக் குடுக்கிற பங்கை எங்க வீட்டுக்காரருக்குக் குடுங்க. இவுஹளைக் குடியில சேத்துக்கோங்க. நான் இங்கனயே நிக்கேன்.”

வண்ணக்கர் துண்டை எடுத்தார், உதறினார், மடித்தார். தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஆம்பிளைக்குக் குடி குடுத்து என்ன புள்ள பிரயோசனம்? அது அவரோட போயிருமே. உங்கட பிள்ளைக்குச் சேராதே.”

“அதுக்குத்தாங்க கேக்கேன்.”

யாருக்கும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது கண்மணியக்காவுக்கு. ஆவுடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பித் தன் மகளைத் தேடினாள். ஞானம் பொங்கல் பானைகளுக்குப் பின்னால் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள். காதுவரை சிவந்திருந்தது.

“எடியே!” என்றாள் கண்மணியக்கா. ஒரு நிமிஷம் அவள் திட்டப் போகிறாளா அழப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தக் குரல் எழும்பியது. “அண்ணன், அவ கேக்கிறதக் குடுங்க! எனக்கு ஒரு தங்கச்சி வாறா எண்டு இருந்த நான். தங்கச்சி இல்லாட்டி ஒரு அண்ணன் வரட்டும். அண்ணன்ட மகன் எண்டா என்ட மகளுக்கு மச்சான்தானே?”

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. யாரோ குரவை போட்டார்கள். ஆண்களுக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. வண்ணக்கருக்கு எல்லோருக்கும் கடைசியில் விளங்கியது. விளங்கியதும் அவர் சிரிக்கவில்லை. ஆவுடையைப் பார்த்துக் கும்பிடுவதுபோலத் தலையை ஒரு தரம் தாழ்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணன், உங்களுக்குச் சம்மதமா?”

எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கேட்கிறார்கள், பார்த்தீர்களா. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “ஓம்” என்று வந்தது. சங்கரன் கூட்டத்துக்குள் நின்று சிரித்தான், பயல்.

சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனேன். எந்த இடத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்று வீம்பு பிடித்தேனோ, அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குடியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு என் கையில் பங்கை வைத்தார்கள். வாங்கித் திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், புதுச் சேலையில், வழக்கமான இடத்தில். அவளுக்கும் பங்கு வந்தது. கடைசியில், வெளியே.

அவள் ஏங்கிய இடத்தில் நான் நின்றேன். எனக்கு அது ஒரு நாளும் வேண்டியிருக்கவில்லை.

7

சங்கரன் கல்யாணம் முடிந்து பெண் வீட்டுக்குப் போனான். இங்கே வழக்கம் அப்படி. வீடு மகளுக்குத்தான், மாப்பிள்ளைதான் துணிமணியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கண்மணியக்கா படுவான்கரையில் வயலோரம் வீடு கட்டிக் கொடுத்தாள். மருமகள் விளக்கேந்தி என் வீட்டுக்குள் வருவாள் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் பொய்யாய்ப் போயிற்று. தோணித்துறையில் அவன் கையில் ஒரு பெட்டி, தோளில் சைக்கிள் பம்பு. “போயித்து வாறன் அப்பா” என்றான். காதைத் திருக என் கை எழும்பவில்லை.

இப்போது வாரம் தவறாமல் நான் தோணி ஏறுகிறேன். அவன் சேற்றில் மாடு ஓட்டுகிறான். தண்ணீர் திருப்பும்போது மட்டும் அவன் கையில் என் கை தெரிகிறது. பாய்லருக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி, அளந்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு விடுகிறான். யுத்தம் வந்து ஊரெல்லாம் அரிசிக் கூப்பனுக்கு நிற்கிறபோது எனக்கு அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நெல் வருகிறது, சட்டியில் எருமைத் தயிர் வருகிறது.

நடுவில் ஒரு நாள் கச்சேரிக்கு, அதாவது சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். இந்தியாவிலிருந்து வந்தவர்களெல்லாம் இங்கேயே நிரந்தரமாக இருக்கிறவர்களா, போகிறவர்களா என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கிளார்க் நல்ல பிள்ளை, நாற்காலி போட்டு உட்கார வைத்தான். தகப்பன் பிறந்த ஊர் எது என்று கேட்டான். தகப்பனைப் பெற்றவர் பிறந்த ஊரையும் கேட்டான். சர்க்காருக்கு அப்பன் வேண்டியிருக்கிறது, மில்லடிக்கு அம்மாள் வேண்டியிருக்கிறது. நான் என்ற ஆளை இருவரும் கேட்கவில்லை.

“இஞ்சயே இரிக்கிற எண்ணமா அண்ணன், போற எண்ணமா? ஒண்டைச் சொல்லுங்க, எழுதுறன்.”

“பொஞ்சாதியக் கேட்டுத்து வாறன்” என்றேன். அவன் சிரித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டான்.

வீட்டில் வந்து கேட்டேன். “போவோமா ஆவுடை? இங்க இனி ஒனக்கு என்ன இருக்கு? எனக்குக் குடி இருக்கு, சங்கரனுக்கு வீடு இருக்கு. ஒனக்கு அந்த வேலிதான இருக்கு.”

“வேலின்னா லேசுப்பட்டதா?” என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். மற்றவர்கள் கேட்டிருந்தால் வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் குரல் தெரியும்.

8

இந்த மாசியில் ஞானத்துக்குப் பெண் பிறந்தது. தாயின் குடிதான் பிள்ளைக்கும். பிறந்த அன்றே அவள் முழுக் குடிக்காரி.

வைகாசிச் சடங்குக்கு அக்கரையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். பங்கு வைக்கிற நேரம் எங்கள் குடியைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனேன். கண்மணியக்கா போனாள். ஞானமும் வேலி வரைக்கும் வந்தாள். அங்கே அரக்குக் கரைச் சேலையில் ஆவுடை வழக்கமான இடத்தில் நின்றாள். ஞானம் தோளில் கிடந்த குழந்தையை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், மாமியார் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

“என்ன இது, பிள்ளையை வச்சுட்டுப் போற?” என்றாள் ஆவுடை.

ஞானம் திரும்பினாள். “அவக்கும் பங்கு இரிக்கு மாமி. நடக்கத் தெரியாதே. நீங்கதான் தூக்கிட்டு வரணும்.”

ஆவுடை அசையவில்லை. குழந்தையைப் பார்த்தாள். அது வாயில் விரலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல, வா என்று தலையாட்டினேன். தலையாட்டினேனோ, அழுதேனோ, தெரியவில்லை. வேலித் திறப்பில் ஒரு கால் வைத்தாள், பிறகு மற்றக் காலை எடுத்து வைத்தாள். தீப்பிடித்த இடத்தில் நடக்கிறவள் மாதிரி வந்தாள்.

வண்ணக்கர் முன்னால் வந்து நின்றாள். அவர் துண்டை உதறவில்லை, மடிக்கவில்லை.

“ஆருக்கு இந்தப் பங்கு?” என்றார்.

“இவளுக்குங்க. நான் தூக்கிட்டு வந்தவ.”

அவர் வாழையிலையில் பொங்கலை வைத்து நீட்டினார். கூட்டத்தில் யாரோ கிண்டலாக, “பல்லு முளைக்காத பிள்ளை எப்படிக் கா தின்னும்?” என்றார்கள்.

“பல்லு முளைக்கிறது வரைக்கும் இவ பங்கை நான் சாப்பிடுதேன்” என்றாள் ஆவுடை.

சாப்பிட்டாள். முந்தானையில் மூடவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கேயே, அத்தனை பேருக்கும் நடுவில், இடது தோளில் பிள்ளையும் வலது கையில் பொங்கலுமாக நின்று, இலையை வழித்துச் சாப்பிட்டாள். கண்மணியக்கா ஓடி வந்து தன் பங்கிலிருந்தும் ஒரு கை அள்ளி அந்த இலையில் வைத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் மெதுவாக ஊர்ப் பேச்சை எடுத்தேன். தம்பி கேட்டிருக்கிறான், மைத்துனர் கேட்டிருக்கிறார், என்ன பதில் எழுத என்றேன்.

“இவளுக்குப் பல்லு முளைக்கட்டும், பாப்போம்னு எழுதுங்க” என்றாள்.

எழுதிவிட்டேன். பல் முளைத்த பிறகு வேறு ஏதாவது சொல்லுவாள், அது எனக்குத் தெரியும். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.